கயிறு தாண்டியவள் உன் அக்கா

செந்தூரன்,

மூன்று கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து நீ தொலைபேசி எடுத்துக் கேட்டபோது நான் "ஓம்" என்று சொன்னேன். அந்த ஓமை இன்று ஊரறியத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் பெயரில் இருக்கும் அந்தச் சிறுவர் கதைப் புத்தகம் மறுபடி அச்சாகக் கூடாது. நீ அனுப்பிய ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். இதை உன் காதோடு சொன்னால் போதாதா, ஏன் சஞ்சிகையில் எழுதி ஊரைக் கூட்ட வேண்டும் என்று நீ கேட்பாய். நான் செய்த வேலை மேடையில் நடந்தது. ஒலிபெருக்கி இருந்தது, குத்துவிளக்கு இருந்தது, என் கழுத்தில் மாலை இருந்தது. ஊருக்கு முன்னால் பெற்றுக்கொண்டதை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு திருப்பிக் கொடுப்பது இன்னொரு களவு. இந்தச் சஞ்சிகையின் ஆசிரியரிடம் பக்கம் கேட்டபோது, "உங்கட இலக்கியப் பயணத்தைப் பற்றியோ, மாஸ்டர்?" என்று ஆவலாகக் கேட்டார். ஓம், அதைப் பற்றித்தான் என்றேன்.

அந்தப் புத்தகத்தில் வரும் பையன் நீ. கரைவலைக் கயிற்றைத் தாண்டி ஓடி, கடலில் குதித்து, பாறையில் மாட்டிய வலையை விடுவிக்கிற வீரன் செந்தூரன். உனக்கு அப்போது ஆறு வயது. நீந்தத் தெரியாது. நண்டைக் கண்டால் அம்மாவின் சேலைக்குள் ஒளிவாய். ஆனாலும் புத்தகம் வந்த நாளிலிருந்து நீ அந்தச் செந்தூரனாகத்தான் வளர்ந்தாய். பாடசாலையில் காலைக் கூட்டத்தில் உன்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்கள். யாரோ ஓர் ஆசிரியை உன் கன்னத்தைக் கிள்ளி, "இவர்தானே வலையைக் காப்பாத்தினவர்!" என்றார். நீ இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு வயதில் யார் சொல்வார்கள்? இப்போது உன் மகளுக்கு மூன்று வயது. தகப்பனின் பெயர் அச்சில் இருக்கும் புத்தகத்தை அவள் கையில் கொடுக்க ஆசைப்படுகிறாய். வர்ணப் படங்கள் போடுவார்கள், மாவட்டத்துப் பாடசாலைகளுக்கெல்லாம் துணைவாசிப்பு நூலாகப் போகும், ஆசிரியர்களுக்குக் கேள்விக் கொத்தும் சேர்த்து அடிப்பார்கள் என்று நீ சொன்னபோது நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இந்த ஊர் என்னை முப்பது வருடமாக விழாக்களுக்குக் கதிரை அடுக்குகிற ஆளாகத்தான் வைத்திருந்தது. என்னைவிட ஆறு வருடம் பிந்தி வந்தவர் அதிபரானார். எனக்குக் கீழே படித்தவன் என் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தான். அதையெல்லாம் நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. அந்தப் புத்தகம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதுவும் என்னுடையது அல்ல.

அதை எழுதியவள் உன் அக்கா தர்சிகா. அவளுக்குப் பதினொரு வயது. ஆவணி விடுமுறை, சல்லிக் கிராமத்துக் கடற்கரை வீட்டில் நாங்கள் இருந்த நேரம். அந்த வீடு உன் அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது, நான் வந்து ஒட்டிக்கொண்டவன் என்பது உனக்குத் தெரியும். சுனாமியில் கடல் அதை அடித்துக்கொண்டு போன பிறகு திரும்பக் கட்டி, அக்காவின் கலியாணத்தோடு அவளுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. நம்முடைய பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். அந்த வீட்டுக்குள் வந்து குடியிருக்கிற ஆண்தான் அவள் எங்கே நடக்கலாம், எங்கே நடக்கக் கூடாது என்று சொல்வான். சல்லிக் கரையில் கரைவலை இழுக்கும்போது கடலிலிருந்து இரண்டு கயிறுகள் கரைக்கு வரும், ஒவ்வொன்றையும் ஒரு குழு இழுக்கும். பெண்கள் அந்தக் கயிற்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மீன் படாதாம். கரையோடு நேராகப் பத்து எட்டு வைத்தால் போய்விடலாம். ஆனால் சோற்றுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, தாழம்பற்றைக்குள்ளால் ஏறி, இழுக்கிறவர்களுக்குப் பின்னால் சுற்றி, முள்ளு மிதித்துப் போவார்கள். உன் அம்மா போயிருக்கிறாள். நானும் நிழலில் இருந்து பார்த்திருக்கிறேன். அதில் பார்ப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. தர்சிகாவுக்குத் தோன்றியது.

அவள் கொப்பியில் எழுதிய கதை இதுதான். பூரணி என்று ஒரு சிறுமி தகப்பனுக்குச் சோறு கொண்டு கரைக்கு வருகிறாள். ஒரு பக்கத்து மிதப்புக் கட்டைகள் தண்ணீருக்குள் அமிழ்வதைக் காண்கிறாள். வலை பாறையில் மாட்டிவிட்டது. அந்தப் பக்கத்துக் குழு கயிற்றைத் தளர்த்தாவிட்டால் வலை கிழியும். கத்துகிறாள், காற்றில் கேட்கவில்லை. சுற்றிப் போக நேரமில்லை. கயிற்றைத் தாண்டி ஓடிப்போய்ச் சொல்கிறாள். வலை தப்புகிறது, மீன் நிறைய வருகிறது. வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி, ஈர மணலில் கயிற்றுக்கு இரண்டு பக்கமும் சின்னக் கால் அடையாளத்தைக் கண்டு, "யார் கயிற்றைத் தாண்டியது?" என்று சத்தம் போடுகிறார். பூரணி, "நான்தான். சுற்றிப் போயிருந்தால் வலை கிழிந்திருக்கும்" என்கிறாள். இனி இந்தக் கரையில் மீன் படாது, உன் குடும்பம் கரைக்கு வரக் கூடாது என்கிறார் அவர். அடுத்த நாள் ஊரில் உள்ள பெண்பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். கயிறடிக்கிற விளையாட்டுப் போல அந்தக் கயிற்றை ஒவ்வொருத்தியாகத் தாண்டுகிறார்கள், பிறகு திரும்பத் தாண்டுகிறார்கள். அன்றைக்கும் மீன் படுகிறது. கடைசி வரி: "மீன்களுக்கு யார் தாண்டியது என்று தெரியாது."

இருபத்தைந்து வருடம் தமிழ் படிப்பித்தவன் நான். அப்படி ஒரு கடைசி வரி என் வாழ்க்கையில் எழுதியதில்லை.

போர்நிறுத்தம் வந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட காலம். நகரத்தில் ஒரு குழு சிறுவர் கதை எழுதும் போட்டி வைத்தது, பெரியவர்களுக்கு. நான் அவளுடைய கதையை எடுத்து, வசனத்தைச் செம்மைப்படுத்தி, என் பெயரில் கொடுத்தேன். சின்னப் பிள்ளை சொன்னதைத் தகப்பன் எழுதுவது பிழையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடுவர்கள் மூன்று பேர். பரிசுக்கு முன், உள்துறைமுகத்தைப் பார்த்திருக்கிற தேநீர்க்கடைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தலைவர் ஒரு கணக்கில் எனக்கு ஆசான் போல நடந்துகொள்ளும் மனிதர். சால்வையைக் கழுத்தில் இருந்து இறக்கமாட்டார், குளிக்கும்போது என்ன செய்வாரோ.

"மாஸ்டர், கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா பெட்டைப்பிள்ளை கயிறு தாண்டுறதோ?"

"அது கதைதானே, ஐயா."

"கதைதான். அதைத்தான் நானும் சொல்லுறன். நடக்கிறதை எங்களால ஒண்டும் செய்ய ஏலாது. கதையில எண்டாலும் ஒழுங்கா இருக்கட்டுமே. இண்டைக்குக் கயிறைத் தாண்டுவாள். நாளைக்கு எதைத் தாண்டுவாள்?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஒருவர் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

"நீர் அதைப் பொடியனா மாத்திப்போடும். பரிசு உமக்குத்தான்," என்றார் தலைவர்.

நானும் சிரித்தேன், செந்தூரன். அவர்கள் சொன்னதை விட அந்தச் சிரிப்புத்தான் எனக்கு அருவருப்பு. பின்னேரம் ஒரு மேசையில் இருந்து பூரணியைச் செந்தூரனாக்கினேன். ஆக்கிய பிறகு பார்த்தால் கதை இல்லை. பையன் கயிற்றைத் தாண்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? அதனால் அவனைக் கடலில் தள்ளினேன், வாயில் கத்தியைக் கொடுத்தேன், ஒரு சுறாவையும் தூரத்தில் விட்டேன். பூரணியை அவனுக்குத் தங்கையாக்கிக் கரையில் நிறுத்தி, "அண்ணா!" என்று அழவைத்தேன். கடைசியில் செந்தூரன் பெரிய மீன் ஒன்றைத் தங்கையிடம் கொடுத்து, "இதைச் சமை" என்கிறான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமைக்கிறாள். இதுதான் உன் புத்தகம். வாசித்து முடித்ததும் உன் அம்மா சொன்னது உனக்குத் தெரியாது.

"பொடியன் கயிறு தாண்டுறது ஒரு கதையோ? எங்கட ஊர்ப் பொடியள் கயித்திலயே தலையை வைச்சு நித்திரை கொள்ளுவாங்கள்."

"வலைக்காரச் சனம் கோவிக்கும் எண்டு சொல்லுறாங்கள்."

"அவையளோ? அவையள் உங்கட புத்தகத்தைத் திறந்தும் பாக்காயினம். அந்த மூண்டு பேருக்குத்தான் நீங்கள் பயம்."

தர்சிகா தாளைக் கையில் வாங்கி, நின்றபடியே வாசித்தாள். அவளுக்கு விரல் வைத்து வாசிக்கிற பழக்கம். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"அப்பா, பூரணி ஏன் அழுகிறாள்?"

"அண்ணனுக்கு ஆபத்தெண்டு பயம்."

"சோத்துப் பெட்டியை ஆர் கொண்டு வந்தது?"

"அவள்தான்."

"அப்ப சோறு கொண்டு வர மட்டும் அவள் கரைக்கு வரலாம்," என்று சொல்லித் தாளை மடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் கத்தவில்லை, அழவில்லை. அதனால் அவளுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று நான் முடிவு செய்தேன். தகப்பன்மார் இப்படித்தான் முடிவு செய்கிறார்கள். பிள்ளை அழுதால் பிடிவாதம், அழாவிட்டால் சம்மதம்.

பரிசளிப்புக்கு உன்னை வேட்டி கட்டிக் கூட்டிப்போனோம். அவள் வரவில்லை, காய்ச்சல் என்றாள்; நெற்றி தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. தலைவர் மேடையில், "நமது பண்பாடு வழுவாமல் பிள்ளைகளுக்குத் துணிவைச் சொல்லும் கதை" என்று புகழ்ந்தார். பூச்சி உருண்டை மணக்கிற பொன்னாடை ஒன்றைப் போர்த்தினார்கள். அந்த மணம் இப்போது எங்காவது அலுமாரி திறந்தால் வந்தாலும் நான் கதவைச் சாத்திவிடுகிறேன். அதன் பிறகு கடல் வீட்டுக்குள் வந்தது. கொப்பி, தாள், பொன்னாடை எல்லாம் போயிற்று. அவள் எழுதிய கதைக்கு உலகத்தில் ஆதாரமே இல்லாமல் போனது எனக்கு எங்கோ ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. எழுதிவிட்டேன், இனி நீ என்ன நினைத்தாலும் நினை.

நீ தொலைபேசி எடுத்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, அக்கா கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் படிப்பிக்கிற பாடசாலைக்குப் போய்விட்டாள். அம்மா கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். நான் நகரத்துக்குப் பேருந்தில் போய், அவளுடைய வகுப்புக்கு வெளியே விறாந்தையில் நின்றேன். உள்ளே நாலாம் வகுப்புப் பிள்ளைகள். பிள்ளைகள் இருக்கிற வாங்குகளை ஒதுக்கி, தரையில் ஒரு கயிற்றை நீட்டி வைத்திருந்தார்கள். தர்சிகா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருடமும் சொல்கிறாளாம், பிறகுதான் அறிந்தேன். பத்து வருடமாக அவளிடம் படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் பூரணியைத் தெரியும். கடைசி வரியை அவள் சொல்லவில்லை. முப்பது குரல்கள் சேர்ந்து சொல்லின: "மீன்களுக்கு யார் தாண்டியது என்று தெரியாது!" ஓட்டுக்கூரை அதிர்ந்தது. நான் கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒரு பையன் எழுந்தான். கையில் என் புத்தகம், நூலகத்தின் பழைய பிரதி, அட்டை போய்விட்டது.

"டீச்சர், இதில செந்தூரன் எண்டு போட்டிருக்கு. பொடியன்தான் தாண்டுறான்."

முன்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி உடனே திரும்பினாள். "பொடியன் தாண்டினா சம்மாட்டி ஏன் கேக்கிறார்? பொடியள் தாண்டலாம்தானே?"

பையன் பக்கத்தைப் புரட்டினான். "தெரியாது. ஆனா கேக்கிறார். 'யார் கயிற்றைத் தாண்டியது?' எண்டு போட்டிருக்கு."

"விசரோ அவருக்கு?"

வகுப்பே சிரித்தது. தர்சிகா சொன்னாள்: "எழுதினவர் அந்த வரியை அழிக்க மறந்துபோனார் போல."

உண்மைதான். இருபத்துமூன்று வருடம். மூன்று நடுவர்கள், ஒரு தலைமையுரை, இரண்டு விமர்சனம், எத்தனையோ ஆசிரியர்கள். சம்மாட்டியின் அந்தக் கேள்வி என் புத்தகத்தில் பொருளில்லாமல் நிற்பதை ஒருவரும் காணவில்லை, எழுதிய நானும் காணவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு மூச்சில் கண்டுவிட்டாள். திருடியவன் பொருளை எடுத்துக்கொண்டு விலைச்சீட்டைத் தொங்கவிட்டபடி ஊருக்குள் நடந்தது போல எனக்கிருந்தது. கண்ணாடியை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் உனக்குச் சொன்னேன், வேண்டாம் என்று. நீ என்ன சொன்னாய் என்பதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். "அப்பா, அது அக்கா சின்னதில கிறுக்கினது. கதையாக்கினது நீங்கள்தானே." அந்த வசனத்தைக் கேட்டபோது எனக்கு உன்னில் கோபம் வரவில்லை. அது என்னுடைய வசனம். நான் ஒருநாளும் வாய் திறந்து சொல்லாமலே உனக்கு அது பாடமாகியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்தாய், பெரிய தீர்வு கண்டவன் மாதிரி.

"பதிப்பாளரோட கதைச்சனான் அப்பா. இப்ப பொம்பிளைப் பிள்ளையள் வாற கதைதானாம் ஓடுது. செந்தூரனைப் பூரணியா மாத்தினாச் சரி. உங்கட பேரிலயே போடலாம். என்ர பேர் போனாப் பரவாயில்லை."

நீ உன் பெயரை விட்டுக்கொடுத்தது உனக்குப் பெரிய தியாகமாக இருந்திருக்கும். நான் அரைநாள் அதற்கு மயங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு ஓடும் என்பதற்காக அவளை ஆணாக்கினேன். இன்றைக்கு ஓடும் என்பதற்காக அவனைப் பெண்ணாக்கலாம். இரண்டு தடவையும் அட்டையில் என் பெயர். பிறகு நீ படம் ஒன்று அனுப்பினாய். செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி போட்ட வெள்ளைப் பிள்ளை ஒன்று பாறையில் ஏறி, இடுப்பில் கை வைத்து நிற்கிறது. கீழே மீனவர்கள் கை தட்டுகிறார்கள். கயிறு இல்லை. கேட்டால், தாண்டக் கூடாது என்கிற பகுதியைப் போட்டால் கரையோரச் சனத்தின் மனம் புண்படுமாம். அந்தப் பழைய தலைவர் செத்துப்போய்விட்டார் என்று நினைத்தேன். இல்லை, கொழும்பில் கணினிக்கு முன்னால் இருக்கிறார்.

இப்போது வருகிற சிறுவர் புத்தகங்களை நான் வாசிக்காமல் பேசவில்லை. நூலகத்தில் இருந்து கட்டுக்கட்டாக எடுத்து வாசித்தேன். பெண்பிள்ளைகள் விமானம் ஓட்டுகிறார்கள், அரக்கனை வெல்கிறார்கள், புயலுக்குள் படகு விடுகிறார்கள். நல்லது. ஆனால் அவர்களை ஒருவரும் "போகாதே" என்று சொல்வதில்லை. சோறு போட்டுவிட்டுப் போ என்று சொல்வதில்லை. தம்பிக்குப் பெரிய துண்டு மீனும் அவளுக்கு வால் துண்டும் வைக்கிற தாய் அந்தப் புத்தகங்களில் இல்லை. வால் துண்டைப் பார்த்தும் பார்க்காமல் சாப்பிடுகிற தகப்பன் இல்லை. ஒரு பிள்ளை எதிர்த்து நிற்கிறாள் என்று எழுதினால் அவளுக்கு எதிரே நிற்கிறவனையும் எழுத வேண்டும். அவனை மட்டும் எல்லாரும் அழித்துவிடுகிறார்கள். ஏனென்றால் புத்தகத்தைத் தெரிவு செய்கிறவன் அவன். பரிசு கொடுக்கிறவன் அவன். கடையில் காசு கொடுத்து வாங்கி வந்து பிள்ளைக்கு வாசித்துக் காட்டுகிறவனும் அவன். அரக்கன் கோவிக்கமாட்டான். அப்பா கோவிப்பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்காவிடம் போனேன். குசினியில் கணவாய் மீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தாள், விரலெல்லாம் மை. நான் நியாயவானாக மாறிவிட்ட மகிழ்ச்சியில் இருந்தேன்.

"பிள்ளை, உன்ர பேரைப் போட்டு, உன்ர கதையை அப்பிடியே அடிப்பம். நடந்ததெல்லாத்தையும் நான் முன்னுரையில ஒப்புக்கொள்ளுறன்."

அவள் நிமிரவில்லை. "முதல் கதையை எடுத்தனீங்கள். இப்ப மன்னிப்புக் கேக்கிறதுக்கும் என்ர புத்தகத்திலதான் உங்களுக்கு இடம் வேணுமோ?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுறாய்?"

"உங்கட புத்தகத்தை அடிக்க வேண்டாம். அவ்வளவுதான். கேள்விக் கொத்தும் வருமாம் எண்டு தம்பி சொன்னவன். முதல் கேள்வியே 'கயிற்றைத் தாண்டியவர் யார்?' எண்டுதான் இருக்கும். என்ர பிள்ளையள் பூரணி எண்டு எழுதுவினம். மற்ற டீச்சர்மார் சிவப்புப் பேனையால பிழை போடுவினம். பத்து வருசம் நான் சொன்னதை நீங்கள் ஒரு தவணையில பிழையாக்கிப் போடுவியள். ஒருக்காச் செய்தது காணும்."

அவள் கணவாயின் ஓட்டை உருவி எறிந்துவிட்டு, முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

"அந்த மூண்டு பேர் பெட்டையை மாத்தச் சொன்னவை. சரி. அப்பாவை வெட்டச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?"

நீ அறியாத ஒன்று இது. அவளுடைய கதையில் பூரணியின் தகப்பனும் கயிறு இழுக்கிறவர்களில் ஒருவர். சம்மாட்டி சத்தம் போடும்போது அவருக்குத் தெரியும், மகள்தான் தாண்டினாள் என்று. ஏன் தாண்டினாள் என்றும் தெரியும். அவள் எழுதியிருந்தாள்: "பூரணியின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்." அந்த இரண்டு வசனத்தையும் நடுவர்கள் கண்டதே இல்லை. போட்டிக்குக் கொடுக்க முன்னமே நான் வெட்டிவிட்டேன். கதைக்குத் தேவையில்லை, வேகத்தைக் குறைக்கிறது என்று காரணம் வைத்திருந்தேன். பதினொரு வயதுப் பிள்ளை என்னைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்பது எனக்கு அன்றே விளங்கியது. ஊரில் எத்தனை பேரைப் பகைத்து வைத்திருக்கிறேன், எத்தனை பெயரைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு திரிகிறேன். ஆனால் முதல் வெட்டு என்னுடையது.

"ஒருத்தரும் சொல்லேல்லை," என்றேன்.

"ம். இப்ப பிள்ளையள் அதை நாடகமாப் போடுகினம். சம்மாட்டியா வர அடிபாடு. ஏசுறதெண்டா எல்லாருக்கும் விருப்பம். அந்த அப்பாவா நிக்க மட்டும் ஒரு பிள்ளையும் வருகுதில்லை. கதைக்க ஒண்டும் இல்லையாம், சும்மா நிக்க வெக்கமாம்." கையைக் கழுவினாள். "நீங்கள் வாறியளோ? உங்களுக்குப் பழக்கம்தானே."

இதுதான் நடந்தது. நீ செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. பதிப்பாளரிடம் புத்தகம் இல்லை என்று சொல், ஆணாகவும் இல்லை, பெண்ணாகவும் இல்லை என்று சொல். நம்பாவிட்டால் இந்தச் சஞ்சிகையைக் காட்டு. உன் மகளுக்குக் கதை வேண்டுமென்றால் விடுமுறைக்குக் கூட்டிக்கொண்டு வா, அவளுடைய மாமி தர்சிகா சொல்லட்டும். கேட்டு முடிந்ததும் அவள் உன்னிடம், "அப்பா, இதில நீங்கள் எங்க?" என்று கேட்பாள். இல்லை என்று சொல். உன் அக்காவுக்கு முன்னால் சொல். எனக்கு அது இருபத்துமூன்று வருடம் பிடித்தது. உனக்கு ஒரு நாள் போதும், நீ ஆறு வயதில்தான் வாங்கிக்கொண்டாய், நான் முழு ஆளாக இருந்து எடுத்தேன்.

நேற்று நாடகம். விளையாட்டு மைதானத்து வேப்பமரத்தின் கீழ் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சம்மாட்டியாக வந்த பையன் துவாயைத் தலையில் கட்டி, தன் ஆயுளில் கிடைத்த ஒரே வாய்ப்புப் போல, "ஆரடி கயிறு தாண்டினது!" என்று காட்டுக்கத்தல் கத்தினான். பூரணி முன்னால் வந்து தன் வசனத்தைச் சொன்னாள். நான் கயிற்றைப் பார்த்தேன். அவ்வளவுதான் என் பங்கு. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நெளிந்தார்கள். யாரோ எனக்கு வசனம் மறந்துபோய்விட்டது என்று நினைத்து "சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்று கிசுகிசுத்தது கேட்டது. பிறகு பெண்பிள்ளைகள் வரிசையாக வந்து தாண்டத் தொடங்கினார்கள். கிண்ணியாவிலிருந்து பாலத்தால் வருகிற ஸஹ்ரா என்றொரு குட்டி வரிசையை விட்டு விலகி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஐயா, நீங்க ஏன் ஒண்டும் சொல்லல்ல? ஒங்கட புள்ளதானே?"

நாடகத்தில் அந்தக் கேள்வி இல்லை. "பயம்," என்றேன்.

"ஆருக்கு?"

அதற்குத்தான் இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் பதிலுக்காக நிற்கவில்லை. கயிறு தாண்ட அவளுடைய முறை வந்துவிட்டது.